மீன்காரனுக்கு ஒரு பெயர்

செத்துப்போனவர் பெயர் காசிமிரோ பெத்ரோசா. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் சாந்த ரூபீனாவைப் பற்றிப் பேச வருகிற எல்லாரும் வேறொரு பெயரில்தான் ஆரம்பிப்பார்கள். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

அந்த வேறொரு பெயர் அன்செல்மோ பாராகான். நாற்பது வருஷத்துக்கு முன்னால் செத்த பாட்டுக்காரன். குடித்துவிட்டு வண்டி ஓட்டி, பாலத்துக் கைப்பிடியில் மோதிச் செத்தான். அவனுடைய படம் இல்லாத சலூன் எங்கள் ஊரில் கிடையாது. சோப்பில் அவன், சாராயப் புட்டியில் அவன், லாட்டரி விற்கிறவனின் சட்டையிலும் அவன். ஊருக்குள் நுழைகிற இடத்தில் சிமெண்டுச் சிலை, கையில் அக்கார்டியன். மழைக்காலத்தில் மக்தலேனா ஆறு ஏறி மீனவர் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். கரை கட்டித் தாருங்கள் என்று கேட்டால் நகராட்சி கையை விரிக்கும். சிலைக்கு வர்ணம் அடிக்க மட்டும் வருஷா வருஷம் எங்கிருந்தோ பணம் முளைத்துவிடும்.

அவன் நன்றாகப் பாடினான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவன் கடைசியாகப் பாடிவிட்டுப் போன பாட்டு என் எதிர்வீட்டு ஒதிலியா அக்காவைப் பற்றியது. ஆற்றங்கரையில் காத்திரு என்று சொல்லிவிட்டுப் போனேன், திரும்பி வருவதற்குள் ஒரு மீன்வாடைக்காரனோடு குடித்தனம் நடத்தப் போய்விட்டாள், இனி எனக்கு வாழ்வில்லை என்று அதில் அழுவான். பாட்டு வந்த மறுமாதம் செத்தான். அவ்வளவுதான், அவனைக் கொன்றவள் ஒதிலியா என்று இந்தக் கரை முழுக்க முடிவுகட்டிவிட்டது. அக்கா நான்கு வருஷம் காத்திருந்தாள். அந்த நான்கு வருஷத்தில் அவனுக்கு மூன்று ஊரில் மூன்று வீடு, வீட்டுக்கொரு பிள்ளை. அது பாட்டில் வராது.

அக்காவின் வீட்டுக்காரர் காசிமிரோ பாட்டில் அந்த ஒரே ஒரு வரியில் வருவார். அந்த வரியால் அவருக்கு ஊரில் மீன்காரன் என்று பெயர் நிலைத்தது. எங்கள் தெருவில் ஆண்கள் எல்லாருமே மீன் பிடிக்கிறவர்கள்தான், ஆனால் 'மீன்காரன்' என்றால் அவர் ஒருவர்தான். கடைத்தெருவில் அவர் நடந்தால் யாராவது அந்த வரியை மெதுவாக முனகுவார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார். சாகிற வரைக்கும் சாதுவாகவே இருந்தார்.

வருஷா வருஷம் அன்செல்மோவின் நினைவு நாளில் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வருவார்கள். அவனை அடக்கம் செய்த நாலு மணிக்கு, ஒரு காலிச் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லறைக்குப் போவார்கள். விழாக் கமிட்டி ஏற்பாடு. அழுகிற அம்மாவாக ஒருத்தி, நண்பனாக ஒருத்தன், எல்லாம் வேஷம். பெட்டி ஒதிலியா அக்காவின் வாசலில் நிற்கும். கூட்டம் அந்தப் பாட்டைப் பாடும். பாடி முடித்து வாசலில் உப்பை வீசுவார்கள், வீடு விளங்காமல் போகட்டும் என்று. காசிமிரோ அவர்கள் போன பிறகு துடைப்பத்தோடு வந்து உப்பையெல்லாம் கூட்டி, சலித்து, பானையில் போட்டுக்கொள்வார். அதில்தான் கருவாடு போடுவார்.

அவர் செத்த அன்று காலையில்கூட என் கடைக்கு வந்தார். படகுத்துறைக்குப் பக்கத்தில் எனக்கு ஐஸ் கடை. பாளம் பாளமாக நகரத்திலிருந்து லாரியில் வரும், மரத்தூளுக்குள் மூடிவைத்து விற்பேன்.

"எலாதியோ, நாளைக்குத் திருநாளுல்ல. வீட்ல உப்புப் பானை காலி. இந்த வருசம் கூட்டம் நிறைய வந்தா நல்லது" என்றார்.

"உங்களுக்கு ரோசமே கிடையாதாண்ணே?"

"ரோசப்பட்டா மீன் கெட்டுப்போகும்டா. உப்பு போட்டாத்தான் நிக்கும்."

சிரித்துக்கொண்டே போனவர், வீட்டு நிழலில் உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருக்கும்போது மடியில் வலையோடு சாய்ந்துவிட்டார். நான் ஓடிப் போனபோது அக்கா அவர் தலையை மடியில் வைத்திருந்தாள். அவர் விரலில் நூல் சுற்றியிருந்தது.

மகள் மரிலூஸ் பர்ராங்கீயா நகரத்தில் தையல் ஆலையில் வேலை பார்க்கிறாள். பஸ் பிடித்து வந்துசேர மறுநாள் மதியம் ஆகும். அதுவரை இந்த வெயிலில் உடம்பை வைத்திருக்க ஐஸ் வேண்டும். என்னிடம் அன்று இருந்த அத்தனை பாளமும் விழாக் கமிட்டிக்கு, பீர் குளிரவைக்க. நான் யாரிடமும் கேட்கவில்லை. குத்தூசியால் பாளங்களைப் பிளந்து, கோணியில் சுற்றி, தள்ளுவண்டியில் எதிர்வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் தொட்டி தொட்டியாக வைத்தேன். பீர் சூடாகக் குடித்தால் யாரும் செத்துவிட மாட்டார்கள்.

தெருப் பெண்கள் வந்து அடுப்பைக் கையிலெடுத்துக்கொண்டார்கள். ஒரு பக்கம் மரவள்ளிக்கிழங்கு வெந்தது, ஒரு பக்கம் வெல்லம் போட்ட கறுப்புக் காப்பி. அக்கா அழவில்லை. சுவரோரம் உட்கார்ந்து அவர் பாதியில் விட்ட வலையைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அத வைங்கக்கா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள் சோய்லா. காசிமிரோவோடு ஒரே படகில் போகிற பாசிலியோவின் பெண்சாதி அவள். எங்கள் தெருவில் செத்தவர்களுக்கு ஜெபம் நடத்துகிறவளும் அவள்தான்.

"உன் வீட்டுக்காரன் நாளன்னைக்கு ஆத்துக்குப் போகணும்ல. ஓட்ட வலைய வச்சிக்கிட்டு என்னத்தப் பிடிப்பான்" என்றாள் அக்கா.

பொழுது சாய்கிற நேரத்துக்கு தோன் தியோபிலோ வந்தார். விழாக் கமிட்டித் தலைவர், ஊரில் பெரிய மனுஷன் என்பதால் 'தோன்' பட்டம். 'அன்செல்மோ விடுதி' அவருடையது. அங்கே சமைக்கிற மீன் முக்கால்வாசி காசிமிரோ பிடித்துக் கொடுத்தது. வெள்ளைச் சட்டை, கையில் தொப்பி, முகத்தில் ஒரு சோகம்.

"கர்த்தர் சித்தம், ஒதிலியா. நல்ல மனுசன். உழைப்பாளி."

"உக்காருங்க. காப்பி குடிங்க."

"அடக்கம் எப்ப வச்சிருக்கு?"

"நாளைக்கு நாலு மணிக்கு."

"நாலு மணியா? நாளைக்கு என்ன நாளுன்னு தெரியும்ல?"

"தெரியாம இருக்குமா. நாப்பது வருசமா என் வாசல்லதான கொண்டாடுறீங்க."

அவர் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். "அதுக்கில்லம்மா. வெளியூரு ஜனம், டிவிக்காரங்க வேற வராங்க. ஒரே தெரு, ஒரே கல்லறை. காலைல வச்சுக்கலாம். இல்ல மறுநாள் வச்சுக்கலாம். ஐஸுக்கு நான் பொறுப்பு."

"எந்த ஐஸு?" என்றேன் நான்.

அவர் கட்டிலுக்கு அடியில் பார்த்தார். தன்னுடைய ஐஸ் எங்கே போனது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. பிணத்துக்கு முன்னால் பீரைப் பற்றிப் பேச அவருக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும்.

அக்கா வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "காலைல எம் மக வந்திருக்க மாட்டா. படகெல்லாம் கரைக்கு வர மூணு மணி ஆவும். இந்தத் தெருவுல எந்த மீன்பிடிக்காரன் செத்தாலும் நாலு மணிக்குத்தான் தூக்குவோம், கூட்டாளிங்க தோள் குடுக்கணும்ல. எங்கப்பன நாலு மணிக்குத் தூக்கினாங்க. இவரயும் நாலு மணிக்குத்தான் தூக்கணும்."

"நாப்பது வருச வழக்கம்மா எங்களோடது."

"எங்களோடது ஆறு ஓடத் தொடங்கின நாள்லேருந்து."

பாசிலியோ மூலையில் இருந்து எழுந்து நின்றான். ஆறடி உயரம் அவன். தோன் தியோபிலோ சமாதானமாக ஒரு வழி சொன்னார். தங்கள் ஊர்வலத்தை அரைமணி தள்ளி வைத்துக்கொள்வதாகவும், அதற்குள் இவர்கள் போய்விட வேண்டும் என்றும்.

"ஒண்ணே ஒண்ணு. எங்க பெட்டி தெருவுக்கு வாரதுக்குள்ள உங்க பெட்டி போயிடணும். ஜனங்க குழம்பிடக் கூடாது" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உண்மையான பிணம் பொய்ப் பிணத்துக்கு வழிவிட வேண்டுமாம். அக்கா சரி என்று தலையாட்டினாள்.

மறுநாள் மரிலூஸ் வந்தாள், படகுகள் வந்தன. நாலு மணிக்குப் பெட்டியைத் தோளில் ஏற்றினோம். கடைசி ஐஸைப் பொடித்துப் பைகளில் கட்டி உள்ளே அவருக்கு இரண்டு பக்கமும் வைத்திருந்தேன். எங்கள் தெருவில் சாவு என்றால் பாட்டு கிடையாது. பெட்டி போகும்போது வீட்டுக்கு வீடு ரேடியோவை நிறுத்தி, ஜன்னலைச் சாத்துவோம். செருப்புச் சத்தம் மட்டும் கேட்கும். அந்த அமைதிதான் நாங்கள் செத்தவனுக்குக் கொடுக்கிற மரியாதை.

கமிட்டி சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் செய்தது. அவர்களுடைய பெட்டி தேவாலயத்தை விட்டு நகரவில்லை. ஆனால் வெளியூர்க் கூட்டத்துக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. காலையிலிருந்தே தெருவின் இரண்டு பக்கமும் குடித்துக்கொண்டு, பொரித்த வாழைக்காய் தின்றுகொண்டு நாலு மணிக்குக் காத்திருந்தார்கள். நாலு மணிக்கு ஒரு சவப்பெட்டி வந்தது. அதுவும் ஒதிலியாவின் வீட்டு வாசலிலிருந்தே வந்தது. அவர்களுக்கு வேறென்ன தோன்றும்.

ஒருத்தி கையைத் தட்டினாள். உடனே தெரு முழுக்கக் கைதட்டல். "அன்செல்மோ, எங்க ராசா" என்று ஒருவன் கத்தினான். எங்கிருந்தோ ஒரு அக்கார்டியன் இழுத்தது, கூட்டம் அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டது. முண்டியடித்து வந்து பெட்டியைத் தொட்டு முத்தமிட்டார்கள். பாசிலியோ தோளால் இடித்துத் தள்ளிப் பார்த்தான், முடியவில்லை. தோளில் பெட்டியோடு என்ன செய்ய முடியும். நான் கத்தினேன். "டேய், இது நிசமான சாவுடா. விலகுங்கடா." என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பெட்டிக்குப் பின்னால் அக்கா கறுப்பு உடுப்பில் மரிலூஸின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவளைப் பார்த்ததும் கூட்டத்துக்கு இன்னும் குஷி.

"இந்த வருசம் ஒதிலியா வேசத்துக்கும் ஆள் போட்டிருக்காங்க பாரு."

"கிழவி நல்லா நடிக்கிறா. நிசமாவே துக்கம் மாதிரி இருக்கு."

ஒரு பெண், நல்ல வீட்டுப் பெண்தான், பைக்குள்ளிருந்து உப்பை அள்ளி அக்காவின் முகத்தில் வீசினாள். கோபமாகக்கூட இல்லை, சிரித்துக்கொண்டு, கல்யாணத்தில் அரிசி போடுகிற மாதிரி போட்டாள். அவளைப் பார்த்து நான்கைந்து பேர் வீசினார்கள். மரிலூஸ் பாய்ந்துபோய் அந்தப் பெண்ணின் தலைமயிரைப் பிடித்தாள். அக்கா மகளை இழுத்து நிறுத்தினாள். கண்ணிலிருந்த உப்பை தலைத்துணியால் துடைத்தாள்.

"பாசிலியோ, இறக்கு" என்றாள்.

"அக்கா, தெருவுலயா?"

"இறக்குன்னேன்ல."

தெரு நடுவில் பெட்டியை இறக்கினோம். மூடியைத் திறக்கச் சொன்னாள். பாசிலியோ தயங்கினான். அவளே குனிந்து, ஆணி அடிக்காத பக்கமாக மூடியைத் தூக்கித் தள்ளினாள்.

முன்வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஐஸ் பைகளுக்கு நடுவே காசிமிரோ. வெயிலில் கறுத்த முகம், தாடையைச் சுற்றிக் கட்டிய துணி, மார்பின் மேல் வலைக்கயிறு அறுத்த கைகள். பாட்டு முன்னாலிருந்து பின்னாலாக நின்றுகொண்டே போனது. அக்கார்டியன்காரன் மட்டும் விவரம் தெரியாமல் கொஞ்ச நேரம் வாசித்தான். யாரோ அவன் கையைப் பிடித்தார்கள்.

"நல்லா பாத்துக்கங்க. இது யாரு?" என்றாள் அக்கா.

பின்னாலிருந்து ஒரு குரல், பயந்த மாதிரி வந்தது. "மீன்காரன்... பாட்டுல வருவானே, அந்த மீன்காரன்."

"பேரு கேட்டேன்."

அந்தப் பக்கம் சத்தமில்லை. எங்கள் ஆட்களில் ஒருவன் சொல்ல வாயெடுத்தான். அக்கா கையைத் தூக்கி அடக்கினாள். "நீங்க யாரும் சொல்லக் கூடாது. உங்களுக்குத் தெரியும். இவங்க சொல்லட்டும். நாப்பது வருசமா என் வாசல்ல வந்து பாடினாங்கள்ல, ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கும்."

தகவல் போய், தோன் தியோபிலோ வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். கூட்டம் அவருக்கு வழிவிட்டது. அக்கா அவரைப் பார்த்தாள்.

"வாங்க. நீங்க சொல்லுங்க. வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம உங்க வீட்டுப் பின்வாசல்ல மீனோட வந்து நிப்பாரே. அவரு பேரு என்ன?"

அவர் காசிமிரோவின் முகத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அந்த மனிதருக்குப் பெயர் தெரியவில்லை. எனக்கு அப்போது வந்த கோபத்தை எப்படிச் சொல்வது. அன்செல்மோ எந்த வயதில் எந்தக் கால் செருப்பை ஆற்றில் விட்டான் என்பது வரை மேடையேறிச் சொல்கிற வாய் அது.

"நீ சொல்லும்மா. ஜனங்க முன்னால நானே சொல்றேன், மரியாத பண்றேன்" என்றார்.

"வேணாம். தெரிஞ்சிக்கணும்னா இத்தன வருசத்துல ஒரு வெள்ளிக்கிழம கேட்டிருக்கலாம்."

பெட்டியின் அடியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டி, மண்ணில் ஓடி, முன்னால் நின்றவர்களின் செருப்பை நனைத்தது. அவர்கள் பின்வாங்கினார்கள். அக்கா மூடியைத் தானே சாத்தினாள். நாங்கள் தூக்கினோம். கூட்டம் விலகியது, யாரும் பின்னால் வரவில்லை. கல்லறைச் சுவரில் அவருக்கென்று இருந்த பொந்தில் பெட்டியைத் தள்ளி, கொத்தனார் செங்கல் வைத்துப் பூசினார். பெயர்க்கல் எங்கள் வழக்கப்படி ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்த பிறகுதான் பதிப்போம்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அன்று மாலையே டிவியில் வந்தது. நாற்பது வருஷத்துக்குப் பிறகு பாட்டின் நாயகி மனம் திருந்தி அன்செல்மோவின் பெட்டிமுன் கண்ணீர் விட்டாளாம். அக்கா கண்ணிலிருந்து உப்பைத் துடைத்ததைத்தான் படம் பிடித்திருந்தார்கள். கடையில் இருந்த டிவியை நான் அணைத்தேன், பீர் குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் ஏன் என்று கேட்டார்கள், வெளியே போங்கடா என்றேன்.

அதற்கு மேல் பொறுக்க முடியாதது, மறுநாளிலிருந்து வெளியூர்ப் பெண்கள் பூக்களோடு வர ஆரம்பித்ததுதான். "நாங்க உங்கள மன்னிச்சிட்டோம்மா" என்று அக்காவைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். கணவன் செத்த வீட்டில் வந்து நின்றுகொண்டு, செத்தது யார் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. அக்கா பூக்களை வாங்கி ஆட்டுக்குப் போடச் சொன்னாள்.

ஒன்பதாம் நாள் ஜெபத்துக்குத் தெருவே அந்த வீட்டில் கூடியிருந்தது. வெள்ளைத் துணி விரித்த மேசை, மேலே கறுப்புத் துணி முடிச்சு, மெழுகுவர்த்தி. சோய்லா ஜெபத்தைத் தொடங்கும் நேரத்தில் தோன் தியோபிலோ வந்தார். கையில் ஒரு கூடைப் பழம். அக்கா எழுந்து தானே அவருக்கு நாற்காலி போட்டாள், காப்பி கொடுத்தாள். அவர் துக்கம் கேட்க வந்திருக்கிறார் என்றுதான் அவளும் நினைத்திருப்பாள்.

"அன்னைக்கு நடந்ததுக்கு எனக்கு மனசே சரியில்ல, ஒதிலியா. தூக்கமில்ல" என்றார். "கமிட்டிலயும் பேசினோம். செத்தவருக்கு ஒரு நியாயம் செய்யணும்னு எல்லாரும் சொல்லிட்டாங்க."

"சரி."

"அடுத்த வருசம் ரெண்டு பெட்டியா தூக்கலாம்னு முடிவு. ஒண்ணு அன்செல்மோவுக்கு. ஒண்ணு மீன்... உன் வீட்டுக்காரருக்கு. ஜனங்களே கேக்குறாங்க. டிவிக்காரங்களும் கேக்குறாங்க. நடுத்தெருவுல பெட்டியத் திறந்தியே, அதையும் ஒரு கட்டமா வச்சிக்கலாம். அன்னைக்கு அப்படியே சிலிர்த்துப்போச்சு எல்லாருக்கும்." காப்பியை ஒரு வாய் குடித்தார். "பேனர்ல பேரு போடணும். அதான், உன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னு வந்தேன்."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேரா?"

"ஆமா. முழுப் பேரா சொல்லு."

"அன்னைக்கு நடுத்தெருவுல உங்ககிட்ட கேட்டேன். அன்னைக்கு நீங்க சொல்லியிருந்தா உங்க காலத் தொட்டுக் கும்பிட்டிருப்பேன். இன்னைக்கு நான் குடுக்கிறதா இல்ல."

அவர் சிரித்தார். "இது என்னம்மா பிடிவாதம். இங்க உக்காந்திருக்கிற யாரக் கேட்டாலும் சொல்லிடுவாங்க."

"கேட்டுப் பாருங்க."

அவர் பாசிலியோ பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா. ஒரே படகுல போனவன்."

"நான் 'ஏ கூட்டாளி'ன்னுதாங்க கூப்பிடுவேன்" என்றான் பாசிலியோ. "பேருக்கு வேலையே வரல."

"எலாதியோ?"

"ஐஸ் வெட்டுறவனுக்கு என்ன தெரியும் தோன். மரத்தூள் காதுக்குள்ள போயி ஒண்ணும் கேக்குறதில்ல."

அவருக்கு முகம் சிவந்தது. கடைசியாக மரிலூஸைப் பார்த்தார். நயமான குரலில் கேட்டார். "பாப்பா, நீ படிச்ச பொண்ணு. அப்பாவுக்குப் பெருமைதான இது. பேரச் சொல்லு."

"எனக்கு அவரு அப்பா" என்றாள் அவள். "பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல."

அவர் மேசையைப் பார்த்தார். அங்கே படம் இருந்தது, பெயர் எழுதியிருக்கவில்லை. காப்பிக் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனார்.

ஒன்பது நாளும் சாவு வீட்டுக் கதவை நாங்கள் சாத்துவதில்லை, யார் வேண்டுமானாலும் வரலாம். அக்கா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். கொண்டியும் போட்டாள். மேசைக்குப் பக்கத்தில் வந்து முழங்காலிட்டாள்.

"இப்ப சொல்லு சோய்லா" என்றாள்.

சோய்லா காசிமிரோ பெத்ரோசாவுக்கு நித்திய இளைப்பாற்றியைக் கேட்டாள். நாங்கள் எல்லாரும் அந்தப் பெயரைத் திரும்பச் சொன்னோம். பெயர் வந்த ஒவ்வொரு தடவையும் சத்தமாகச் சொன்னோம். ஒன்பது நாளும் அழாத அக்கா அப்போது தரையில் நெற்றியை வைத்து அழுதாள்.